காய்ந்த குளத்து மாமூல்

ஈச்சங்குடி சமஸ்தானத்தில் மனிதன் தும்மினால்கூட யோசித்துத் தும்ம வேண்டிய காலம் ஒன்று இருந்தது. காரணம் ஒரு தின்பண்டம்.

காயல் கரையிலிருந்து குதிரை விற்க வந்த யூசுப் லெப்பை, ராஜா மருதப்ப பூபதியின் முன்னால் ஒரு தட்டுப் பலகாரம் வைத்தார். மேலே மாவு, உள்ளே பேரீச்சம்பழம். வாயில் போட்டதும் கரைந்தது.

"இதுக்குப் பேர் என்ன, லெப்பை?"

"மாமூல், மகாராஜா. அரபு தேசத்துப் பலகாரம்."

"அப்படின்னா?"

"'செய்தது'ன்னு அர்த்தம். வழக்கமாச் செய்யுறதையும் அப்படித்தான் சொல்றது."

பலகாரம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. வார்த்தை தீரவில்லை. ராஜாவுக்குப் பிடித்துப்போன வார்த்தை ஆயிற்றே! சௌக்கியமா என்று கேட்டால் "மாமூல்" என்றார்கள். மழை பெய்தாலும் மாமூல், பெய்யாவிட்டாலும் மாமூல். வாசல் காவலன் உள்ளே விடுவதற்குக் கையை நீட்டுவானே, அந்தக் கைக்கும் மாமூல் என்றே பெயர் வந்தது.

அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. திவான் சேஷாசலம் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு சட்டம் போட்டார். "சமஸ்தானத்தில் ஒரு தடவை செய்தது எதுவோ, அது மாமூல். வருஷா வருஷம் அதே நாளில், அதே மாதிரி நடந்தாக வேண்டும்." ராஜாவும் முத்திரை குத்திவிட்டார்.

பிறகு கேட்பானேன்! தசரா ஊர்வலத்தில் பட்டத்து யானை ஒரு செக்குக்காரர் வீட்டுக்குள் தலையை நுழைத்துப் பிண்ணாக்கைத் தின்றது. மறு வருஷமும் நுழைக்க வேண்டுமே! செக்குக்காரர் பயந்து வீடு மாறினார். சேனாபதி யானையைப் பிடித்துக்கொண்டு, தெருத்தெருவாக அவருடைய புது வீட்டை விசாரித்துத் திரிந்தார். ராஜாவின் பிறந்தநாள் பாயசத்தில் சமையற்காரன் கைதவறி உப்பைப் போட்டான். அன்றைக்குப் பயத்தில் எல்லோரும் "அமிர்தம்!" என்று சொல்லித் தொலைத்தார்கள். அதன்பின் ஆண்டுதோறும் உப்புப் பாயசம். ஆண்டுதோறும் அமிர்தம்.

இப்போது பிச்சாண்டிக்கு வருவோம். சபையில் ராஜாவுக்கு இடப்பக்கத்து ஆசனம் அவருடையது. வயது அறுபதுக்கு மேல். வாய் மட்டும் இருபது. எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஏழு வயதில் தன் நெல்லிக்காயைப் பிடுங்கித் தின்றவனோடு இன்றுவரை பேச்சு கிடையாது.

போன வருஷம் தெப்பத் திருவிழாவில் அவர் குளத்துச் சுவரிலிருந்து கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். ஊரே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் திவான். பிச்சாண்டி அதையும் நெல்லிக்காயோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. குளத்தின் அடியில் கருங்கல் பல்லைக் காட்டியது. தெப்பத்தை ஆட்கள் தோளில் தூக்கி மிதக்கிற மாதிரி ஆட்டிக் காட்டுவதென்று ஏற்பாடு. அப்போது திவான் எழுந்து சொன்னார்:

"பிச்சாண்டி விழணும், மகாராஜா. மாமூல்."

ராஜா திடுக்கிட்டார். "குளத்துல தண்ணி இல்லையே?"

"தண்ணி கொண்டுவர்றது வருணன் வேலை. விழுறது பிச்சாண்டி வேலை. முடியாதுன்னா ஆசனத்தை விட்டுட்டு ஊரைவிட்டுப் போகட்டும்."

விழுந்தால் உயிர் போகும். விழாவிட்டால் ஊர் போகும். எப்படியும் ஆசனம் காலி. அதில் தன் மச்சினன் கோதண்டத்தை உட்கார வைக்கத் திவான் பட்டு மெத்தைகூடத் தைத்தாகிவிட்டது. ராஜாவோ தன் முத்திரையைத் தானே மீற முடியாமல் முழித்தார்.

திருவிழா வந்தது. பிச்சாண்டி குளித்து, விபூதி பூசி, சுவர்மேல் ஏறி நின்றார்.

"மகாராஜா, சந்தோஷமா விழுறேன். ஒரு சந்தேகம் மட்டும். இந்தக் கல்லுல விழுந்தா நான் பிழைக்கமாட்டேன். அடுத்த வருஷம் யார் விழுறது?"

திவான் முந்திக்கொண்டார். "உம்ம ஆசனத்துல யார் உட்கார்றாரோ அவர் விழுவார். மாமூல் ஆளுக்கு இல்லை, ஓய்! ஆசனத்துக்கு!"

"விழுந்து செத்துட்டா?"

"செத்தா அதுவும் மாமூல்தான்!"

"ரொம்ப நல்லது." பிச்சாண்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கோதண்டம் தம்பி, முன்னால வாங்க. நான் எப்படி விழுறேன்னு நல்லாப் பார்த்துக்குங்க. தலை முதல்லயா, கால் முதல்லயா? உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே விழுறேன்."

கோதண்டத்துக்கு முகம் வெளிறியது. "அத்தான்! எனக்கு ஆசனமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்!" என்று திவானின் அங்கவஸ்திரத்தைப் பிடித்துத் தொங்கினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து திவானின் மனைவி கத்தினாள். "என் தம்பியைக் கல்லுல தள்ளத்தான் மெத்தை தைச்சீங்களா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்!"

திவான் அவசரமாக ராஜாவின் பக்கம் திரும்பினார். "மகாராஜா... யோசிச்சுப் பார்த்தா, போன வருஷம் விழுந்தது தண்ணியில. காய்ஞ்ச குளத்துல விழுறதுக்கு மாமூலே இல்லை."

"அதெப்படி? மாமூலைக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம், திவான். இதோ விழுந்துடுறேன்." பிச்சாண்டி ஒரு காலைத் தூக்கினார்.

"ஐயையோ! இறங்கும் ஓய்!" திவான் ஓடிப்போய் அவருடைய மற்றக் காலைக் கட்டிக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிச்சாண்டி! என்ன வேணும் கேள். நிலமா? பொன்னா?"

"அதெல்லாம் எதுக்கு, மகாராஜா? சுவர் ஏறினதுல முழங்கால் வலிக்குது. திவான் என்னை முதுகுல சுமந்துக்கிட்டு, கடைத்தெரு வழியா என் வீட்டுல கொண்டுபோய் விடட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மகாராஜா. ஒரே ஒரு தடவை போதும்."