உள்ளதிலேயே கனமான கலப்பை

"என்னத்தப் போட்டாலும் உடையுது தாயி" என்றார் சங்கிலிமுத்து. "உங்கிட்ட இருக்கிறதுலயே கனமான சட்டிக் கலப்பை எது?"

அமலோற்பவம் வேலையிலிருந்து நிமிரவில்லை.

கமுதி சாலையில் அவளுடைய பட்டறை. டிராக்டரில் மாட்டும் சட்டிக் கலப்பைகளுக்கு இரும்பு வட்டு பொருத்துவது தொழில். அவருக்கு அறுபத்து நாலு வயது, அவளுக்கு நாற்பதுகூட இல்லை. ஆனால் அந்தப் பக்கம் காடு திருத்துகிறவர்கள் அவளைக் கேட்காமல் கலப்பை எடுப்பதில்லை.

"எவ்வளவு நிலம்?"

"ஒம்பது ஏக்கர். பூரா கருவேலங்காடு. மரத்தை வெட்டியாச்சு. தூரு அப்படியே மண்ணுக்குள்ள கெடக்கு. வாடகைக்கு ஓட்ட வந்தவன் மூணு வட்டு உடைஞ்சதும் போயிட்டான்."

சுவரோரம் ஒரு கலப்பை நின்றது. பதினாறு வட்டுகள், விளிம்பெல்லாம் பல் வெட்டியவை, ஒவ்வொன்றும் தொடை உயரம். அவர் போய் அதைத் தொட்டார்.

"இதைக் குடு."

"நிலம் எத்தனை வருஷமா சும்மா கெடக்கு?"

"இருபத்திரண்டு."

"ஏன்?"

சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு வரப்பு. அண்ணனான இவர் இரண்டு முழம் தள்ளி வெட்டிவிட்டார் என்றான் தம்பி. வழக்குக்குப் போனார்கள். தீர்ப்பு வரட்டும் என்று இருவருமே விதைக்கவில்லை. போன ஆடியில் தம்பி செத்துப்போனான். இவர் போய்ப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் தம்பி மனைவி வந்தாள். தம்பி பங்குப் பத்திரத்தை வாசலில் போட்டாள். "இனி நீங்களே ஆளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"வேரோட பெரட்டிப் போட்டுறணும் தாயி" என்றார். "கண்ணு கொண்டு பாக்க முடியல."

"வாங்க, போய்ப் பாக்கலாம்."

காட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் வெட்டுப்பட்ட தூர்கள்.

"தம்பி பங்கு எது?"

சங்கிலிமுத்து கிழக்கே பார்த்தார். பத்தடி நடந்தார். திரும்பி வந்து வேறு பக்கம் நடந்தார்.

"வரப்பு இங்கனதான் இருந்துச்சு" என்றார்.

அவள் வண்டியிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்து நீட்டினாள். "தோண்டுங்க."

அரை அடிக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே வெளுத்துக் கிடந்தது. கடப்பாரை ணங்கென்று நின்றது.

"அந்த வெள்ளை மண்ணை வாயில வச்சுப் பாருங்க."

வைத்தார். துப்பினார். உப்பு.

"கனமான கலப்பை போட்டா இதைத் தூக்கி மேல போட்ரும்" என்றாள். "அப்புறம் இங்க புல்லும் மொளைக்காது. மேல இருக்கிற அரை அடிதான் உங்க நிலம்."

"அப்ப இந்தத் தூரெல்லாம்?"

"ஒவ்வொண்ணாக் கையால எடுக்கணும். எடுத்த இடத்துல சின்னக் கலப்பையால மேலாகத்தான் ஓட்டணும். நாலு விரக்கடைக்குக் கீழ போகக் கூடாது."

அவர் காட்டைச் சுற்றிப் பார்த்தார். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார்.

"என் ஆயுசு பத்தாதே தாயி."

"பத்தாது."

வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பொழுது சாய, அவர் தோண்டியதில் ஒரு தூர் வந்தது.

மறு வருஷம் புரட்டாசியில் அரை ஏக்கர் சுத்தமானது. அவள் சின்னக் கலப்பையை அனுப்பிவைத்தாள். அரை மணி நேரத்தில் ஓட்டி முடித்தார்கள்.

மாசியில் சங்கிலிமுத்து மறுபடி பட்டறைக்கு வந்தார். இளைத்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் காய்ப்புக் காய்த்திருந்தன. மழுங்கிப்போன கடப்பாரையை அவள் முன்னால் வைத்தார்.

அவள் அதன் முனையை உலையில் செருகினாள்.

"என்ன விதைச்சீங்க?"

"குதிரைவாலி."

"வந்துச்சா?"

"பாதி கருகிப்போச்சு. மீதியில ரெண்டு மரக்கா கெடைச்சுச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

அவள் துருத்தியை நிறுத்தினாள்.

"அந்தம்மா வாங்குச்சா?"

"கதவைத் திறக்கல. உள்ளதான் இருந்துச்சு, சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் நின்னேன். வாசல்ல வச்சிட்டு வந்தேன். மறுநா போனா, மூட்டை சாஞ்சு கெடக்கு. கோழி கிளறிக்கிட்டு இருக்கு."

இரும்பு சிவந்துவிட்டது. அதை எடுத்துப் பட்டடைக் கல்லில் வைத்தாள். சுத்தியலைத் தூக்கியவள், அடிக்காமல் அவரைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன" என்றார் சங்கிலிமுத்து. "காட்டுக்குப் போயி அடுத்த தூரைத் தோண்டினேன்."