வேங்கைக்கோட்டை முரசின் தோல்

ஒரு ராஜா இருந்தான். நல்லவனா, கெட்டவனா என்று இப்போதே கேட்காதீர்கள். கதை சின்னது. காதை மட்டும் கொடுங்கள்.

கோட்டையின் பெயர் வேங்கைக்கோட்டை. ராஜாவின் பெயர் கடுமான். ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்காகச் சண்டை மூண்டது. பக்கத்து நாட்டு அரசன் படையோடு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான்.

களஞ்சியம் நிறைந்திருந்தபோது பக்கத்து அரசன் சொல்லி அனுப்பினான்: "அந்த ஊரை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்."

"ஒரு பிடி மண்கூடத் தரமாட்டேன்" என்றான் கடுமான்.

களஞ்சியம் பாதியானது. மறுபடி ஆள் வந்தான். அதே பதில். களஞ்சியம் காலியானது. பிறகு ஆளே வரவில்லை. எதற்கு வருவான்?

தினமும் காலையில் கடுமான் படைத்தலைவனைக் கேட்பான்: "வீரர்கள் சாப்பிட்டார்களா?"

"சாப்பிட்டார்கள், மன்னா."

அவ்வளவுதான் விசாரணை. ஒரு தடவை மதிலேறிப் பார்த்திருக்கலாம். ஏறவில்லை. படி செங்குத்தாம், முழங்கால் வலியாம்.

வடக்கு மதில் காவலர்களுக்குக் கஞ்சி காய்ச்சியவள் சேந்தி. அவள் புருஷன் மருதனும் அங்கேதான் நின்றான். கஞ்சி தண்ணீரானது. பிறகு வெறும் வெந்நீரானது. மருதனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. இவனை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப் போவோமா? சேந்திக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு நாள் வெளியிலிருந்து வந்த கல் ஒன்று அரண்மனைக் கூரையை உடைத்துக்கொண்டு கடுமானின் கட்டிலில் விழுந்தது. அவன் குளிக்கப் போயிருந்தான், பிழைத்தான். அன்றைக்கே சமாதானத்தின் அருமை தெரிந்துவிட்டது.

"அந்த ஊரை முழுசாக எடுத்துக்கொள். சண்டையை நிறுத்துவோம்" என்று தூதனை அனுப்பினான். யாரையும் கேட்கவில்லை. மதிலில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்.

பக்கத்து அரசன் பதில் அனுப்பினான்: "விடிந்ததும் இரண்டு பக்கமும் போர்முரசு முழங்கட்டும். முழங்கினால் சண்டை முடிந்தது. உன் முரசு முழங்காவிட்டால் ஏமாற்று என்று எடுத்துக்கொண்டு ஏறி வருவேன்."

விடிந்தது. வெளியே முரசு முழங்கியது. உள்ளே சத்தமில்லை.

கடுமான் முரசு மண்டபத்துக்கு ஓடினான். மாதக்கணக்கில் யாரும் அதைத் தொட்டதில்லை. வெற்றி வந்தால்தானே அடிக்க? மேலே மூடியிருந்த பட்டுத் துணியை இழுத்தான்.

வெறும் கட்டை. இரண்டு பக்கமும் ஓட்டை. தோலைக் காணோம்.

"எந்தத் துரோகி செய்தான்?"

"நான்தான்" என்றாள் மண்டப வாசலில் நின்ற சேந்தி. "ஊறவைத்தேன், மயிரைப் பொசுக்கினேன், வேகவைத்தேன். ஆளுக்கு ஒரு துண்டு வந்தது."

"அடிப்பாவி! தெய்வம் குடியிருக்கிற தோலடி அது!"

"தெய்வம் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா. செருப்பெல்லாம் முன்னாலேயே தீர்ந்துபோச்சு."

கடுமான் திரும்பி, பின்னால் நின்ற படைத்தலைவனைப் பார்த்தான். "சாப்பிட்டார்கள் என்றாயே?"

"சாப்பிட்டார்கள்தானே, மன்னா!"

கடுமான் முதல் தடவையாக மதிலேறினான். அங்கே எலும்பும் தோலுமாகச் சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் இவர்கள்?"

"உங்கள் படைதான், மகாராஜா" என்றான் மருதன்.

கடுமான் வெளியே பார்த்துக் கத்தினான். "சமாதானம்! சமாதானம்! சமாதானம்!" அந்தக் குரல் அகழியைக்கூடத் தாண்டவில்லை. ஏணிகள் கோட்டையை நோக்கி நகர்ந்தன.

சேந்தி மருதனின் ஈட்டியை வாங்கிக் கீழே போட்டாள். "போதும், வா." அவன் அவள் தோளில் சாய்ந்து நடந்தான். அவர்களைப் பார்த்து இன்னொருவனும் தன் ஈட்டியைப் போட்டான். பிறகு எல்லோரும் போட்டார்கள். வடக்கு வாசலைத் திறந்து வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

ஏணி தூக்கி வந்தவர்கள் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள். இவர்களோடா இத்தனை நாள் சண்டை போட்டோம்? ஒருவன் ஏணியைக் கீழே வைத்தான். மடியிலிருந்த அவலை எடுத்து மருதனிடம் நீட்டினான்.

"நில்லுங்கள்! நான் இன்னும் கட்டளையிடவில்லை!" என்று மதில் மேலிருந்து ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படையின் வயிற்றைப் பார்க்காமல் போர் நடத்துகிற அரசனுக்கு, அந்தப் போரை நிறுத்துகிற அதிகாரமும் மிஞ்சாது.