நீர்நாய் காதை மூடிய நாள்

மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த கதை இது. நடந்த இடம் நம் பக்கம் இல்லை. கடலுக்கு அப்பால், இன்றைக்கு அமெரிக்கா என்கிறோமே, அந்த நாட்டின் நடுவில் ஓர் அகன்ற ஆறு. அப்போது அங்கே மாநிலம் கிடையாது, சட்டசபைக் கட்டடம் கிடையாது, கோட்டு மாட்டிய உறுப்பினர் கிடையாது. ஆனால் பேச்சு மட்டும் இருந்தது. அடேயப்பா, என்ன பேச்சு!

ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கூட்டம், அந்தக் கரையில் ஒரு கூட்டம். யார் எங்கே மேய்வது, எந்தத் துறையில் யார் தண்ணீர் குடிப்பது என்று இரண்டு கரைக்கும் பொதுவாகச் சில சட்டங்கள் தேவைப்பட்டன. கூடிப் பேசலாம் என்றால், எங்கே கூடுவது? இந்தக் கரைக்கு வாருங்கள் என்றால் அந்தக் கரைக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிடும். அங்கே போகலாம் என்றால் இவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். இதற்கே சண்டை போட்டுப் போட்டுக் களைத்துப்போய், கடைசியில் ஆற்றின் மேலேயே கூடுவது என்று முடிவு செய்தார்கள்.

ஆற்றின் மேல் எப்படிக் கூடுவது என்று கேட்பீர்கள். நம் ஊர்க் குளிரை நினைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. அங்கே தை பிறக்கிற சமயத்தில் ஆறு முழுக்க உறைந்து பாறை போலாகிவிடும். யானை நடந்தாலும் தாங்கும், அந்த ஊரில் யானை இல்லை என்பது வேறு விஷயம். உறைந்த ஆறு யாருடைய மண்ணும் இல்லை. அதோடு, வசந்தம் வந்தால் எல்லாருக்கும் குட்டி போடுகிற வேலை, கோடை வந்தால் தீனி தேடுகிற வேலை. குளிர்காலத்தில்தான் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பவர்கள்தானே உட்கார்ந்து பேச முடியும்?

சபைக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. பெரிய உடம்பு, பொறுமையான குணம். சபையின் விதிகள் சுலபமானவை. பேசுகிறவரை யாரும் நிறுத்தக் கூடாது, அவராக நிறுத்துகிறவரை பேசலாம். பேச்சு முடிந்ததும் சம்மதம் உள்ளவர்கள் முன்னங்காலைத் தூக்க வேண்டும். பாதிக்கு மேல் கால் எழுந்தால் அது சட்டம்.

இன்னொரு விதியும் உண்டு. அதுதான் எல்லா விதிகளையும்விட முக்கியமானது. பனிக்கட்டி உடையப் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே சபை கலைய வேண்டும். அது எப்படித் தெரியும்? கட்டி விரிசல் விடுவதற்கு முன்னால் அடியில் ஒரு முனகல் கேட்கும். மேலே நிற்பவர்கள் காதில் அது விழாது. அதனால் தண்ணீரிலேயே வாழ்கிற நீர்நாயைக் காவல் வைத்திருந்தார்கள். பனிக்கட்டியில் ஒரு துவாரம், அதன் ஓரத்தில் நீர்நாய். காதைக் கட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். முனகல் கேட்டதும் "கலையலாம்!" என்று கத்தும். உடனே அவரவர் கரைக்குப் போய்விட வேண்டும். வார்த்தை பாதியில் நின்றாலும் கவலை இல்லை. கரையில் நின்று தலைவர், "மிச்சத்தை அடுத்த தையில் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்" என்பார். அப்படியே பேசுவார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு பெண் மான் வந்துகொண்டிருந்தது. வெள்ளை வால் மான். அதன் மனு இதுதான்: பிறந்த குட்டி எழுந்து தாயின் பின்னால் ஓடக் கற்றுக்கொள்கிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

"ஓடத் தெரிஞ்சதுக்கு அப்புறம் பிடிச்சா பிடிச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றது மான். "நிக்கவே தெரியாததைத் தூக்கிட்டுப் போறது என்னங்க நியாயம்?"

போன வசந்தத்தில் அதன் குட்டியை ஓநாய் தூக்கிப்போயிருந்தது. புல்லில் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் புல் மட்டும்தான் இருந்தது. இப்போது மறுபடியும் வயிற்றில் ஒன்று. பனி உருகினால் பிறந்துவிடும். சட்டம் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

சபையில் முக்கால்வாசிப் பேருக்கு மானின் பேச்சு சரி என்றுதான் பட்டது. ஓநாய் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கெட்ட பெயர் வருமே! அது என்ன செய்தது தெரியுமா? நரியைப் பேசவிட்டது.

நரி எழுந்தது. பனியில் எத்தனை வகை உண்டு என்று ஆரம்பித்தது. பொடிப் பனி, கட்டிப் பனி, மூக்கில் ஏறுகிற பனி. பிறகு தன் பாட்டனாரின் வால் எவ்வளவு நீளம் என்று சொன்னது. அப்புறம் அவருடைய தம்பியின் வால். அதற்குப் பிறகு மீனுக்கு ஏன் கழுத்து இல்லை என்று ஒரு விசாரணை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. வாத்துகள் தூங்கி விழுந்தன. முயல்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தன. நரி விடவில்லை. ஆறு உடைகிறவரை இப்படியே ஓட்டிவிட்டால் இந்த வசந்தத்துக்குச் சட்டம் இல்லை, குட்டிகள் நமக்குத்தான் என்பது ஓநாயின் கணக்கு. என்ன வயிற்றெரிச்சல் பாருங்கள்! மான் மட்டும் உட்காரவே இல்லை. கனத்த வயிற்றோடு நரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள், நரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. காட்டெருமை அந்த நொடியை விடவில்லை.

"நரியார் பேசி முடிச்சிட்டார்! மானோட மனுவுக்குச் சம்மதம் உள்ளவங்க நடுவுல வந்து நின்னு காலைத் தூக்குங்க. எண்ணிடறேன்" என்றது.

எல்லாரும் நடு ஆற்றுக்கு நகர்ந்தார்கள். காட்டெருமைகள், கடமான்கள், கரடிகூட வந்தது. கனமான உடம்புக்காரர்கள் எல்லாரும் மானின் பக்கம்.

அப்போதுதான் நீர்நாயின் காதில் அந்த முனகல் விழுந்தது.

மான் துவாரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நீர்நாயின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டது. அதற்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"அண்ணா, சொல்லிடாதீங்க" என்றது மெதுவாக.

"சொல்லாம எப்படிம்மா? என் வேலையே அதுதானே!"

"எண்ண ஆரம்பிச்சிட்டாரு அண்ணா. இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்போ கலைஞ்சா அடுத்த தை வரைக்கும் இது என் வயித்துலயே இருக்குமா? சொல்லுங்க."

நீர்நாய் மானின் வயிற்றைப் பார்த்தது. அதற்கும் குட்டிகள் உண்டு. கட்டி முனகுவதற்கும் உடைவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கும், சில வருஷங்களில் அரை நாள்கூடத் தாங்கியிருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. ரொம்ப நேர்மையான பிராணி. அந்த நேர்மைதான் அதற்கு ஒரு யோசனையைக் கொடுத்தது.

"இதோ பாரும்மா, நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றது. "ஆனா காதை மூடிக்கிட்டா எனக்கு எதுவும் கேக்காது. கேக்கலைன்னா அது கேக்கலைதானே? நான் கேக்காத வரைக்கும் ஆறும் உடையலைன்னுதான் கணக்கு."

காதுகளை மடித்து இறுக்கி மூடிக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டது. மான் அதன் முதுகில் ஒரு தடவை முகத்தை வைத்து எடுத்தது.

ஓநாய்க்கு மெல்லிய பாதம். அடியில் ஏதோ நகர்வது அதற்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடாமல், தன் கூட்டத்தைக் கண்ணாலேயே கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு நடந்தது பாவி.

காட்டெருமை எண்ணி முடித்தது. பாதிக்கு மேல் எவ்வளவோ கால்கள். "சட்டம்..." என்று வாயெடுக்கும்போது, குரல் போன நரி கரையிலிருந்து கீச்சென்று கத்தியது: "எண்ணிக்கை தப்பு! இன்னொரு தடவை எண்ணணும்!"

யாராவது ஆட்சேபித்தால் மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும். காட்டெருமை பெருமூச்சு விட்டது. "சரி, நல்லா நெருங்கி நில்லுங்க. எல்லாரும் இன்னொரு தடவை தூக்குங்க" என்றது.

எல்லாரும் நெருங்கி நின்றார்கள். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றார்கள்.

ஆறு உடைந்தது.

பெரிய சத்தம்கூட இல்லையாம். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நடுவில் நின்றவர்கள் நின்றபடியே உள்ளே போனார்கள். காட்டெருமையின் கொம்பு ஒரு நிமிஷம் வெளியே தெரிந்தது. ஐயோ, அந்தக் கடமான்கள் கட்டியின் விளிம்பில் குளம்பை வைத்து வைத்துப் பார்த்தன. வைத்த இடமெல்லாம் பொடிந்துபோயிற்று. ஓரமாக நின்ற மான் எப்படியோ தாவிக் கரையில் விழுந்தது. நீர்நாய் தண்ணீருக்குள் பாய்ந்து கீழேயிருந்து முட்டி முட்டித் தள்ளியது. அந்தச் சின்ன உடம்பால் காட்டெருமையைத் தூக்க முடியுமா? இருட்டுகிறவரை தள்ளிக்கொண்டே இருந்தது. ஒருவரையும் மேலே கொண்டுவர முடியவில்லை.

பிறகு கரையேறி, தான் காதை மூடிக்கொண்டதை மறைக்காமல் சொல்லியது. கரையில் மிஞ்சியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வழக்கமாகத் தலைவர்தான் அடுத்து எப்போது கூடுவது என்று சொல்லிக் கலைத்துவிடுவார். இப்போது சொல்வதற்குத் தலைவர் இல்லை. தேதி எதுவும் சொல்லாமலே பிரிய இருந்தார்கள்.

அப்போது ஓநாய் முன்னால் வந்தது. கண்ணீர்கூட விட்டது என்கிறார்கள்.

"இப்படி இனிமே நடக்கவே கூடாதுங்க" என்றது. "யாரையும் குத்தம் சொல்லலை. நீர்நாய் நல்ல மனசுல செஞ்சதுதான். ஆனா மிச்சம்னு ஒண்ணு இருக்கறதாலதானே இன்னும் கொஞ்ச நேரம்னு எல்லாருக்கும் ஆசை வருது? மிச்சமே வேண்டாம். ஆறு உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு நாளைக் குறிச்சிருவோம். அந்த நாள் வந்தா எழுந்து போயிடணும். முடியாத மனு எதுவா இருந்தாலும் அன்னியோட செத்துப்போச்சு. வேணும்னா அடுத்த தடவை புதுசாக் கொண்டுவரட்டும்."

துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தக் கரைக்காரர்களுக்கு இழப்பு அதிகம். அவர்கள், "எங்களுக்கு வருஷா வருஷம் இந்த ஆத்து மேல நிக்கத் தெம்பில்லை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வர்றோம்" என்றார்கள். நடுவில் ஏதாவது ஆபத்து வந்தால், இரண்டு கரைக்கும் மேலே பறக்கிற கழுகு கூப்பிட்டால் மட்டும் கூடுவது என்றும் பேசிக்கொண்டார்கள். ஆந்தையைத் தலைவராக்கினார்கள். சம்மதம் உள்ளவர்கள் காலைத் தூக்கச் சொன்னது ஆந்தை.

மானும் காலைத் தூக்கியது. அதன் பேச்சைக் கேட்டுத்தானே இத்தனை பேர் போனார்கள்? தூக்காமல் எப்படி நிற்கும்?

வசந்தம் வந்தது. மான் குட்டி போட்டது. இந்தத் தடவை அது மேயவே போகவில்லை. பட்டினியாகப் பக்கத்திலேயே படுத்திருந்தது. தாகம் தாங்காமல் ஒரே ஒரு தடவை ஆற்றுக்கு எழுந்து போயிற்று. ஓநாய்க்கு அது போதும்.

அடுத்த தையில் இந்தக் கரைக்காரர்கள் மட்டும் சபை கூடியபோது மான் பனிக்கட்டியின் மேல் நடந்து வந்து ஆந்தையின் முன்னால் நின்றது. மெலிந்து எலும்பாகியிருந்தது.

"என்னம்மா?" என்றது ஆந்தை.

"என் மனு. போன தடவை எண்ணிக்கிட்டிருக்கும்போது நின்னுபோச்சே..."

ஆந்தை நல்லதுதான். ஆனாலும் விதியைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"அப்படி ஒரு மனு இப்போ இல்லையேம்மா. அது அன்னிக்கே செத்துப்போச்சு. நீயும்தானே கால் தூக்கினே? முதல்ல இருந்து சொல்லு."

மான் நடு ஆற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு, "போன வசந்தத்துல எனக்கு ஒரு குட்டி இருந்துச்சுங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. துவாரத்தின் ஓரத்தில் இருந்த நீர்நாயால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. காதை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்கும் நீர்நாய் தண்ணீரில் முழுகும்போது காதை மூடிக்கொண்டுதான் முழுகும், பார்த்திருக்கிறீர்களா?

வெகு காலம் கழித்து அந்தக் கரைகளில் மனிதர்கள் வந்து சட்டசபைகள் கட்டியபோது, காரணம் கேட்காமல் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பல மாநிலங்களில் நடுங்குகிற ஜனவரியில் சபை கூடுவதும், சில இடங்களில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மட்டும் கூடுவதும், குறித்த நாள் வந்ததும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டு எழுந்து போவதும், முடியாத மனு அங்கேயே செத்துப்போய், கொண்டுவந்தவர் மறுபடி முதல் வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதும், ஆறு உடைந்த அந்த நாளிலிருந்துதான்.