சுவரில் மூன்று வரி

ஒரு ஊரிலே ஒரு கரை இருந்ததாம். கரையிலே ஒரு வீடு, வீட்டுக்குள்ளே ஒரு பழைய லேப்டாப். அந்த லேப்டாப்புக்குள்ளே பாதிக் கடல் ஒளிந்திருந்ததாம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

புன்னைத்துறை தொபியாஸ் தனியாளாக வள்ளம் ஓட்டுகிறவன். கடலுக்கடியில் பாறை எழும்பி மீன் கூடுகிற இடத்தை அங்கே 'பார்' என்பார்கள். பார் கண்டவன் வாய் திறக்கமாட்டான். பின்னாலேயே போய் அந்த இடத்தைத் திருடிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் அதைவிட வாய் திறக்கமாட்டார்கள். தொபியாஸ் தன் பார்களின் எண்களை வள்ளத்தின் ஜி.பி.எஸ். கருவியில் வைத்திருந்தான். அது கெட்டுப்போனால் வேண்டுமே என்று லேப்டாப்பிலும் ஏற்றியிருந்தான். மனைவி செலினுக்குக்கூடக் காட்டியதில்லை. ரெண்டு மாதமாக ஊர் வலையிலெல்லாம் வெறும் சாளை. இவன் வள்ளத்தில் மட்டும் கை நீளத்துக்கு விளமீன்.

ஒருநாள் மத்தியானம் காற்று திரும்பியது. எல்லா வள்ளமும் கரையேறிவிட்டது, தொபியாஸ் வரவில்லை, போனும் எட்டவில்லை. என்ஜின் நின்றிருக்கும், நின்றால் பார்மேலேயே நங்கூரம் போட்டுக் கிடப்பான் என்றார்கள். எந்தப் பார்? கடலோரக் காவலுக்குச் சொன்னபோது அவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

செலின் லேப்டாப்பை ஆன் செய்தாள். ஓடிக்கொண்டிருந்ததை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தபோது கை நழுவித் தரையில் விழுந்தது.

கம்ப்யூட்டர் கடை ஜெபஸ்டின் ஓடி வந்தான். காதை வைத்துக் கேட்டான். டக், டக், டக். சட்டென்று அணைத்தான்.

"அக்கா, உள்ள ஹார்ட் டிஸ்க்குல ஊசி தட்டுல இடிக்குது. இப்படியே ஓட்டிப் பாக்கலாம், வந்தா இப்பவே வரும். வரலன்னா தட்டு கீறிப் போயிரும், பொறவு யாராலயும் எடுக்க முடியாது. சென்னைக்கு அனுப்பினா பத்திரமா எடுத்துருவாங்க. ஆனா வாரக்கணக்காகும்."

"வாரம் கழிச்சு அந்த நம்பர வச்சு என்ன செய்ய, கல்லறையில எழுதவா? ஓட்டுடே!" என்று கத்தினான் தொபியாஸின் தம்பி ரூபன்.

"ஓட்டி, அதும் போயிருச்சுன்னா?" என்றாள் செலின். ஜெபஸ்டினைப் பார்த்தாள். "தம்பி, போன மாசம் கீபோர்டு மாத்த உங்கிட்டதான தந்தோம். உள்ள இருந்ததப் பாத்தியா?"

வாசலில் ஊரே நின்றது. ஜெபஸ்டின் முகத்தைத் துடைத்தான். "நாங்க அடுத்தவங்க பொருளத் தொறந்து பாக்கமாட்டோம்க்கா. பாத்தா கடைக்கு யாரு வருவா?"

கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. செலின் வாசலுக்கு வந்தாள்.

"எம் புருசன் பாரத் திருடினவன் இங்க இருப்பீங்க. இருக்கணும்னுதான் மாதாவ வேண்டுறேன். உள்ரூம்புல சாக்பீஸ் வச்சிருக்கேன். இங்க நிக்கிற அத்தனை ஆம்பளையும் ஒவ்வொருத்தரா போய்க் கதவச் சாத்துங்க. தெரிஞ்சவன் சுவத்துல எழுது. தெரியாதவன் சும்மா நின்னுட்டு வா. யாருன்னு கேக்கமாட்டேன். சாகுற வரைக்கும் கேக்கமாட்டேன்."

போனார்கள், வந்தார்கள். ஒருவனும் ஒருவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபஸ்டின் நுழையும்போது மட்டும் யாரோ ஒருவன் சொன்னான்: "நீரு எதுக்குவே? குளிக்கக்கூட கடல்ல எறங்காத ஆளு!" பயத்துக்கு நடுவிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். "அத்தனை பேரும்னுதான அக்கா சொன்னாங்க" என்றபடி போனவன், போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டே வெளியே வந்தான்.

கதவைத் திறந்து பார்த்தால், சுவரில் மூன்று வரி. கையெழுத்து தெரியாதபடி மூன்றும் கோணல்மாணல். இரண்டு வரிகளில் ஒரே எண், அது தெற்கே. ஒரு வரியில் மட்டும் வேறு எண், அது கிழக்கே.

கடலோரக் காவலின் படகு வந்துசேர விடிந்துவிடும்; அந்தக் காற்றில் போகத் துணிந்தது ரூபனின் படகு ஒன்றுதான். இருட்டுவதற்குள் ஒரு திசைக்குத்தான் போக முடியும்.

"ரெண்டு பேரு எழுதினது பொய்யாகுமா? தெக்க போடே" என்றது கூட்டம்.

செலின் சுவரையே பார்த்தாள். பிறகு ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். விரல் அழுந்தியதில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ரூபன் ஓடினான்.

கேட்கிறேன், சொல்லுங்கள். அவள் விரல் வைத்தது எந்த வரியில்? அதை எழுதியவன் யார்?

கிழக்கு வரியில்தான். தெற்குப் பார் இரண்டு பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அங்கே வலை போடாமல் விடுவார்களா? தொபியாஸுக்கு விளமீன் கொடுத்தது அந்தப் பார் என்றால், அவர்கள் வலையிலும் விழுந்திருக்குமே! கிழக்குப் பார் தெரிந்தவனும் வள்ளக்காரனாக இருந்தால் அவனுக்கும் கிடைத்திருக்கும். ஆக, இடம் தெரிந்தும் மீன் பிடிக்காத ஒருவன்தான் அதை எழுதியிருக்க வேண்டும். கீபோர்டு மாற்றும்போது பார்க்கக் கூடாததைப் பார்த்து, பட்டியலில் கடைசியாக இருந்த புதிய எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டவன்.

விடிந்தபோது தொபியாஸைக் கூட்டி வந்துவிட்டான் ரூபன். செத்த லேப்டாப்பை எடுத்துப்போக வந்த ஜெபஸ்டினிடம் செலின் ஒரு விளமீனைப் பையில் போட்டு நீட்டினாள்.

"எதுக்குக்கா? நான் ஒண்ணுமே சரி பண்ணலையே."

"கீபோர்டுக்கு" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி: "போன்ல இருக்கறத அழிச்சிராத, என்ன?"

அவன் ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். மறு கையில் மீனை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.