பாதைக்கு முதுகு காட்டிய இருக்கை

மலைக்காட்டில் செம்பி என்றொரு முயல் இருந்தது. கண்ணியில் சிக்கியதில் அதற்கு ஒரு கால் ஊனம். மலைக்கு அந்தப் பக்கம் அதன் தங்கை குட்டி போட்டிருந்தாள். முயல் குட்டிகள் வளர்ந்துவிட்டால் ஆளுக்கொரு திசையில் ஓடிவிடும். அதற்குள் ஒரு தடவையாவது அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று செம்பி ஏங்கிக் கிடந்தது.

நொண்டிக் காலோடு மலையைத் தாண்ட அதற்கு ஒரே வழி, உப்பு மண் தின்னப் போகும் யானை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டும்தான் வரும். பாதையில் யாராவது நின்றால் முதுகில் ஏற்றிக்கொள்ளும். ஆனால் வழியில் மூங்கிலைக் கண்டால் நேரம் காலம் தெரியாது. காலையிலும் வரலாம், மாலையிலும் வரலாம். அதுவரை நிற்க முடியாமல் செம்பி திரும்பிவிடும்.

இதைப் பார்த்து கரடிக்கும் குரங்குக்கும் மனசு கேட்கவில்லை.

"இங்கே உட்கார ஓர் இடம் போட்டால் என்ன?" என்றது கரடி.

இரண்டும் நாள் முழுக்க மூச்சு வாங்க ஒரு பெரிய மரக்கட்டையை உருட்டி வந்தன. புதருக்குப் பின்னால், நாவல் மர நிழலில், ஓடையைப் பார்த்த மாதிரி போட்டன.

"வெயில் படாது, காத்து அடிக்காது, ஓடையை வேடிக்கை பார்க்கலாம். எப்படி நம்ம வேலை?" என்றது குரங்கு.

செம்பிக்கு அங்கிருந்து பாதை தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டவர்களிடம் எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கு" என்று உட்கார்ந்தது.

பௌர்ணமி அன்று சாயங்காலம் யானையின் காலடி கேட்டது. செம்பி நொண்டிக்கொண்டே புதரைச் சுற்றி ஓடியது. அதற்குள் யானையின் வால் வளைவில் மறைந்துவிட்டது. ஒற்றையடிப் பாதையில் யானையால் பாதி வழியில் உடம்பைத் திருப்ப முடியாது. செம்பி பாதையிலேயே உட்கார்ந்து அழுதது.

"தூங்கிட்டியா?" என்று கேட்டது குரங்கு.

"தூங்கலை. அங்கே உட்கார்ந்தா பாதை தெரியலை. யானைக்கும் என்னைத் தெரியலை."

"முதல்லேயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்கலையே."

கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. மறுநாள் இரண்டும் கட்டையைப் பாதையோரம் உருட்டிப் போட்டன. அங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. "பரவாயில்லை, பாதை தெரியுது" என்றது செம்பி.

அமாவாசை அன்று யானை செம்பியைப் பார்த்ததும் நின்றது. செம்பி வழியெல்லாம் குட்டிகளுக்குப் பெயர் யோசித்துக்கொண்டே போனது.

தங்கை தனியாகத்தான் இருந்தாள்.

"நேத்துதான் அக்கா கடைசிக் குட்டியும் ஓடிச்சு. பெரியம்மா வருவா, வருவான்னு சொல்லிட்டே இருந்தேன்."

புல்லில் குட்டிகள் படுத்திருந்த இடம் மட்டும் அமுங்கிக் கிடந்தது. செம்பி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தது.

சேதி கேட்டு, கரடியும் குரங்கும் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருப்பவர்களுக்கும் ஓர் இருக்கை போடப் போயின. அங்கே ஒரு முள்ளம்பன்றி யானைக்காகக் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. கரடி கட்டையை ஓரமாக நிறுத்தியது.

"எங்கே போடட்டும், நீங்க சொல்லுங்க" என்று கேட்டது.

உதவி செய்ய நல்ல மனசு மட்டும் போதாது. யாருக்குச் செய்கிறோமோ அவரை முதலில் கேட்க வேண்டும்.