சாளர ஓரத்தில் அம்புக்குறிக்கு ஏன் இரண்டு தலை

அந்தக் காலத்தில் கணினித் திரையில் இருந்தவை எல்லாம் பேசும். அம்புக்குறி பேசும், சாளரங்கள் பேசும், மூலையில் கிடக்கும் குப்பைத்தொட்டிகூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஆனால் சாளரங்களுக்கு அன்று ஒரே அளவுதான். எது திறந்தாலும் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஒன்று மேலே வந்தால் மற்றது அடியில் போய்விடும். அடியில் போனது எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது.

அப்போது ஒரு கடற்கரை ஊரின் வயர்லெஸ் அறையில் பிலோமி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். அவளுடைய கணினியில் கடல்படச் சாளரம் ஒன்று உண்டு. மீன்பிடிக்கப் போன வள்ளங்கள் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். காற்று, மழை பற்றிய செய்திகள் வருவது இன்னொரு சாளரத்தில். வள்ளங்களைப் பார்த்தால் செய்தி தெரியாது. செய்தியைப் பார்த்தால் வள்ளங்கள் தெரியாது. மாற்றி மாற்றித் திறந்து, சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கண் எரியும். அந்தப் புள்ளிகளில் ஒன்று அவள் தம்பி ததேயுவின் வள்ளம். பெற்றவர்கள் போன பிறகு அவள் கையால் சோறூட்டி வளர்த்த பிள்ளை.

ஐப்பசி பிறந்து கடல் முகம் மாறத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலையில் பிலோமி அம்புக்குறியிடம் கேட்டாள்.

“மக்கா, இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்க ஒரு வழியும் இல்லையா?”

“பிறவியிலேயே இதுங்க இப்படித்தான் அக்கா. ஆனா சாளரத்தைச் சின்னதாக்குற கருவி எல்லாம் வெளியே கிடைக்குமாம். தேடிப் பாப்போம்” என்றது அம்புக்குறி.

தேடினார்கள். முதலில் வந்த கருவிக்கு வாய் அதிகம். “எந்தச் சாளரமானாலும் கைக்குட்டை மாதிரி மடிச்சுக் கொடுப்பேன்” என்று சொல்லிக் கடல்படத்தைப் போட்டு நசுக்கியது. எது வள்ளம், எது திரையில் ஒட்டிய தூசி என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்து வந்தது நசுக்கவில்லை, வெட்டியது. படத்தில் பாதிக் கடலைக் காணோம். அந்தப் பாதியில்தான் வள்ளங்கள் நின்றிருந்தன. இரண்டையும் அனுப்பிவிட்டாள்.

மூன்றாவது கருவி சத்தமில்லாமல் வந்து நின்றது. பளபளப்பு ஒன்றும் இல்லாத சாம்பல் நிறக் கருவி.

“எனக்குத் தனியா பலம் கிடையாது. சாளரத்தோட ஓரத்தை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சு இழுக்கணும். பிடிச்சா, அது எழுத்து கெடாம, படம் கெடாம வேண்டிய அளவுக்கு வரும்.”

“யாரு பிடிக்கிறது?”

“அம்புதான். இங்க வேற யாரால முடியும்? ஆனா ஒண்ணு. சாளரம் உள்ளேயும் இழுக்கும், வெளியேயும் இழுக்கும். பிடிச்சவன் தலை ரெண்டா பிளந்துரும்.”

அம்புக்குறி சாளரத்தின் ஓரம் வரை போய்த் தொடாமல் திரும்பி வந்தது. “நீங்க சொன்னா பிடிக்கிறேன் அக்கா” என்றது.

பிலோமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக அவள் கை போன பக்கமெல்லாம் கூடவே வந்த ஜீவன்.

“வேண்டாம் மக்கா. நான் மாத்தி மாத்திப் பாத்துக்குவேன்.” சாம்பல் நிறக் கருவி மட்டும் போகாமல் திரையின் மூலையில் நின்றுகொண்டது.

மத்தியானம் தெற்கே ஒரு வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனது. அது பாறைத்திட்டை நோக்கி ஒதுங்குவதைக் கடல்படத்தில் பார்த்த பிலோமி, பிறகு அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் நின்றது ததேயுவின் வள்ளம்தான். வயர்லெஸ்ஸில் அவனைக் கூப்பிட்டாள்.

“யக்கா, போறேன். காத்து எப்பிடி இருக்கு?”

“காலைல பாத்தேன், ஒண்ணும் இல்ல மக்கா. சீக்கிரம் போய் அவனுவளக் கட்டி இழுத்துட்டு வா.”

“சரிக்கா.”

அந்த நேரத்தில் கடல்படத்துக்கு அடியில் ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டி பிறந்து அலறிக்கொண்டிருந்தது. “காத்து வருது! தெக்கே யாரும் போகாதீங்க! காத்து வருது!” மேலே கிடந்த கடல்படம் ஒரு பாறாங்கல்லைப் போல அதன் குரலை மூடியிருந்தது.

காற்றில் அறையின் கதவு படாரென்று அடித்துக்கொண்டபோதுதான் பிலோமி அந்தப் புள்ளியிலிருந்து கண்ணெடுத்தாள். கடல்படத்தை விலக்கிப் பார்த்தாள். எச்சரிக்கை எப்போதோ வந்து கிடந்தது. “ததேயு! திரும்பி வந்துரு மக்கா!” என்று வயர்லெஸ்ஸில் கத்தினாள். வெறும் இரைச்சல்தான் கேட்டது.

 அம்புக்குறி தானாகவே பாய்ந்துபோய்க் கடல்படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. சாளரம் உள்ளே இழுத்தது, வெளியே இழுத்தது. அம்பின் தலை இரண்டாகப் பிளந்தது. அது பிடியை விடவில்லை. முதன்முதலாக இரண்டு சாளரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் எச்சரிக்கை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மற்றதில், இரண்டு புள்ளிகள் இருந்த இடத்தில் கடல் மட்டும் இருந்தது.

எஞ்சின் நின்ற வள்ளத்து ஆட்களை மறுநாள் பாறைத்திட்டிலிருந்து உயிரோடு கூட்டிவந்தார்கள். ததேயு வரவில்லை.

“காலையிலேயே நான் பிடிச்சிருக்கணும் அக்கா” என்றது அம்புக்குறி.

“வேண்டாம்னு சொன்னது நான்தான மக்கா.”

அதற்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சாளரங்களும் ஒவ்வொன்றாக வாயடைத்துப் போயின. யார் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இடம் கொடுத்தன. அந்தச் சின்ன எச்சரிக்கைப் பெட்டி மட்டும் இணங்கவில்லை. “என்னை யாரும் சுருக்கவும் வேண்டாம், அடியில தள்ளவும் வேண்டாம். பாத்துட்டேன்னு ஒருத்தர் சொல்லாம நான் நகர மாட்டேன்” என்றது. திரையிலிருந்து வந்த கடைசிக் குரல் அதுதான்.

அன்று முதல்தான் சாளரத்தின் ஓரத்தைத் தொட்டதும் அம்புக்குறிக்கு இரண்டு தலை வருகிறது; எச்சரிக்கைப் பெட்டியோ, எவ்வளவு இழுத்தாலும் சுருங்காமல், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்று, நாம் ‘சரி’ என்று அழுத்தும்வரை வாய் திறக்காமல் காத்திருக்கிறது.