மேல் அடுக்கு மண்

மதலேனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டத்தின் மேல் அடுக்கில். தலையில் சும்மாடு இருந்தது. கூடையைக் கீழே வைத்திருந்தாள். அவள் அண்ணன் இன்னாசி எதிரே நின்று ஒரு கேள்வி கேட்டார்.

மதலேன் என் மனைவி. அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அந்த மலைச்சரிவில் திராட்சை வளர்த்து, மாதா கோவில்களுக்குப் பூசைக்கான திராட்சை ரசம் செய்து கொடுத்தவர்கள். செங்குத்தான சரிவு. கல் அடுக்கிய சுவர்களுக்கு இடையில் ஏணிபோல அடுக்கடுக்காக நிலம். மழைக்காலத்தில் மண் கரைந்து கடைசிச் சுவர்வரை இறங்கிவிடும். கொடிகளைக் கவாத்து வெட்டுவதற்கு முன் அதை அள்ளித் தலையில் சுமந்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அந்த வீட்டுக்கு வாழ வருகிறவர்கள் முதலில் எடுப்பது கூடைதான். நானும் எடுத்தேன், கல்யாண வேட்டியோடு.

இன்னாசி வாலிபத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போனவர். அப்பா இறந்த பிறகு மதலேன் ரயிலேறிப் போய், தெருத்தெருவாகத் தேடி அழைத்துவந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இன்னாசி தொழில் கற்காவிட்டால் அவளுக்குப் பிறகு தோட்டம் கைமாறிவிடும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

வந்த மறுநாளே அவர் கேட்டார்.

"நிலவறையைத் தொற, மதலே. ரசம் வைக்கிறது எப்படின்னு கத்துக் குடு. இனிமே நீதான் எனக்கு வாத்தியார்."

"கூடை அந்தா இருக்கு, அண்ணே."

"பாடம் கேட்டா கூடையக் காட்டுறாளே, மாப்ளே!"

"எனக்கும் அதத்தான் காட்டினா, மச்சான்," என்றேன்.

அந்த வருடம் தூக்கினார். அடுத்த வருடம் மதலேன் ரசம் கொடுக்க வெளியூர் போயிருந்தபோது, டிராக்டரில் கண்மாய் வண்டலை வரவழைத்தார். வண்டி ஏறக்கூடியது நடு அடுக்குவரைதான். அங்கே கொட்டிப் பரப்பிவிட்டார்.

திரும்பி வந்தவள் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு மேல் அடுக்குக்குப் போனாள்.

எங்கள் மண்ணில் பழம் சிறுத்துத்தான் காய்க்கும். அந்த வருடம் நடு அடுக்கில் கோலிக்குண்டுபோலப் பருத்துத் தொங்கியது.

"பாத்தியா?" என்றார் இன்னாசி.

"பாத்தேன்."

அந்தப் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்து, தனிப் பீப்பாயில் வைத்தாள். ரசம் தெளிந்ததும் இரண்டு கிண்ணங்களில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். முதல் கிண்ணத்தைக் குடித்துத் தலையாட்டினார். இரண்டாவதைக் குடித்ததும் முகம் சுளித்தார்.

"இதுல தண்ணி ஊத்தினியா?"

"நான் ஊத்தல."

அந்தத் தனிப் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்ய?"

"போட்ட வண்டலை அள்ளு. பெறகு நம்ம மண்ண ஏத்து."

"இதுக்குப் பம்பாயே தேவலாம்."

"சாயங்காலம் பஸ் இருக்கு."

சாயங்காலம் பஸ் போனது. இன்னாசி நடு அடுக்கில் முதுகு காட்டிக் குனிந்திருந்தார்.

வண்டல் போய், எங்கள் மண் ஏறி முடிந்த அன்றுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கடைசிக் கூடைகளை மேல் அடுக்கில் கொட்டியிருந்தோம்.

"மதலே, வர்ற மழைக்கு இது மறுபடி கீழ போயிரும். மறுபடி தூக்கணும். மறுபடி போயிரும். நிக்காத மண்ண எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? உனக்குச் சலிக்கவே இல்லையா?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. இடுப்பில் செருகியிருந்த நிலவறைச் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

"போனா என்ன அண்ணே? போயிக் கூட்டிட்டு வந்தா வருதுல்ல."

இன்னாசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். செம்போடு ஏறி வந்தபோது, சுவரில் சாய்ந்தபடியே மதலேன் போய்விட்டிருந்தாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னாசி உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கையில் இருந்தது.

அது நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சாவி இன்னாசியின் இடுப்பில் இருக்கிறது. மேல் அடுக்கில் இப்போது முழங்கால் ஆழத்துக்கு மண் இருக்கிறது.